அம்மா மெட்ராஸ்காரியான கதை

எட்டு வயதில் ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, பையை மூலையில் வீசிவிட்டு, "இன்னாமா, சோறு கீதா?" என்று கேட்டேன். அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது கரண்டியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"யார்ட்ட பேசுத? அம்மைட்டயா, தெருவுல போறவங்ககிட்டயா? ஒழுங்கா கேளு. கேட்டாத்தான் சோறு."

"சோறு இருக்காம்மா" என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று தோன்றியது. கடைசியில் பசி ஜெயித்தது. அம்மா ஒன்றுமே நடக்காதது போலத் தட்டை வைத்து, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகக் குழம்பு ஊற்றினாள்.

அப்போது நாங்கள் ஆவடிக்கு வந்து ஒரு வருடம்கூட முடிந்திருக்கவில்லை. அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டர்னர் வேலை. அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு தையல் மெஷின், நான் ஆகியவற்றோடு அப்பாவும் அம்மாவும் ரயிலேறி வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். எங்கள் பிளாக்கில் நான்கு வீடுகள். கீழே எதிர்வீட்டில் ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். மாடியில் ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம், இன்னொன்று மதுரைப் பக்கம். துடைப்பத்தை நாங்கள் வாரியல் என்போம். எதிர்வீட்டில் அதற்குச் சீமாறு என்று பெயர். மாடியில் விளக்குமாறு. கடையில் போய் வாரியல் கேட்ட அம்மாவிடம் கடைக்காரர், "இன்னாமா அது? துன்றதா?" என்று கேட்டாராம். கையால் பெருக்கிக் காட்டிய பிறகு, "தொடப்பமா! அத்த சொல்லு" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மா சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது.

எனக்கு அந்தக் கஷ்டம் அதிக நாள் இல்லை. பள்ளியில் பாதிப் பேர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், மீதிப் பேர் பருத்திப்பட்டு, கோயில்பதாகை பக்கத்துப் பிள்ளைகள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தமிழ் இருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தமிழ். விளையாட்டில் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்து "ஏன் இப்படி செய்யுத?" என்று முடிப்பதற்குள் எதிரில் இருப்பவள், "ஏய், இன்னா ரொம்ப பேசிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுப் பந்தோடு போய்விடுவாள். ஆறே மாதத்தில் நானும் அப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டேன். பந்து என்னிடம் வரத் தொடங்கியது.

சோற்றுச் சண்டைக்குப் பிறகு எனக்கும் அம்மாவுக்கும் ஓர் ஏற்பாடு உண்டானது. வாசல்படிக்கு வெளியே நான் எப்படிப் பேசினாலும் அவள் கேட்காத மாதிரி இருந்துவிடுவாள். உள்ளே வந்துவிட்டால் ஊர்ப் பேச்சு. "செருப்பை வெளிய போடுத மாதிரி அதையும் வெளிய போட்டுட்டு வா" என்பாள். நானும் அப்படியே செய்தேன். நிலைப்படியைத் தாண்டும் இடத்தில் என் வாய் தானாக மாறிக்கொள்ளும். அது ஒரு வித்தை என்றே நினைத்து எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். பருத்திப்பட்டுக்காரி. அம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்த குடும்பம். அறுப்பு இல்லாத நாட்களில் கரையோரம் கீரை போட்டுக் கூடையில் எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வருவாள். முதல் நாளே அவளுக்கும் அம்மாவுக்கும் நடந்த பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இன்னாமா, கீர ஓணுமா? முருங்க கீது, அரக்கீர கீது."

"கூடைய பைய எறக்குங்க, சாயுது பாருங்க" என்றாள் அம்மா. மெதுவாக என்பதற்கு எங்கள் ஊரில் 'பைய' என்போம்.

கீரைக்காரம்மாள் கூடையைத் தலையிலேயே பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் பார்த்தாள். "கூடதான் கீது. பை எங்க கீது எறக்கறதுக்கு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என்னை முறைத்துவிட்டு, தானே எழுந்துபோய்க் கூடைக்குக் கை கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் அந்தக் கூடை எங்கள் வாசலில் இறங்கியது. இரண்டு பேரும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பேசிக்கொள்வார்கள். ஆனாலும் கீரைக்காரம்மாள் போன பிறகு அம்மா என்னிடம், "நல்ல மனுசி. ஆனா அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். ஒட்டிக்கிட்டா போகாது" என்று சொல்வதை நிறுத்தவில்லை. குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஈரோடும் தஞ்சாவூரும் மதுரையும் எங்கள் ஊரும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ளும். ஆனால் மெட்ராஸ் பேச்சு மட்டம் என்பதில் நான்கு வீட்டுக்கும் ஒரே கருத்து. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களின் மண்ணில்தான் குவார்ட்டர்ஸ் நிற்கிறது என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்த சமயம் கீரைக் கூடை நின்றுபோனது. ஏரியைச் சுற்றியிருந்த நிலங்களில் மனைக் கற்கள் நட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரைக்காரம்மாள் வெறுங்கையோடு வந்தாள். மடிப்புக் கலையாத புடவை, தோளில் கைப்பை.

"கயனி எல்லாம் பூட்ச்சுமா. இப்ப அம்பத்தூர்ல கம்பெனிக்குப் போய்க்கினு கீறேன். சட்ட தைக்கிற கம்பெனி. எனுக்கு நூல் பிசிறு வெட்ற வேல" என்றாள். பிறகு எங்கள் வீட்டு மூலையில் இருந்த தையல் மெஷினைப் பார்த்துவிட்டு, "உன் கை சும்மா கீதே! நீ வாமா. டெய்லர் பத்தலன்னு கேட்டுக்கினே கீறாங்க" என்றாள்.

அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வேலைக்குப் போவது பற்றி அதுவரை அவள் யோசித்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் அவள் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னாள்.

"திங்கக்கெழமையில இருந்து வேலைக்குப் போவேன். நீங்க என்ன சொல்லுதிய?"

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "பிளாக்குல வேற யாரும் போகலயே."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். யாராச்சும் ஒருத்தி மொதல்ல போகணும்லா."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலை அம்மாவுக்கு முதல் நாளே கைவந்துவிட்டது. காலர் வைப்பதுதான் சட்டையில் கடினமான இடம் என்பார்கள். மூன்றாம் நாளே அவளைக் காலருக்கு மாற்றினார்கள். கைவராமல் போனது பேச்சுதான். ஒரு லைனில் நாற்பது மெஷின்கள். பருத்திப்பட்டு, நெமிலிச்சேரி, அம்பத்தூர், சென்னீர்குப்பம் என்று எல்லோரும் இந்தப் பக்கத்துப் பெண்கள். அம்மா "நான் சொல்லுதேன்" என்றால் நாற்பது பேரில் பத்துப் பேர் "சொல்லுதேன், சொல்லுதேன்" என்று திருப்பிச் சொல்வார்களாம். ஒரு வாரத்தில் அவளுக்குச் 'சொல்லுதேக்கா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். காலையில் ஆவடி ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் ஏறும்போதே, நெமிலிச்சேரியில் ஏறி இடம் பிடித்து வந்தவர்கள், "சொல்லுதேக்கா வந்துச்சு, நவுருங்க" என்று இடம் கொடுப்பார்களாம். இடம் கொடுத்தார்கள் என்பதை அம்மா கவனிக்கவில்லை. பெயர்தான் காதில் நின்றது.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒருநாள் மாலை அம்மா வேலையிலிருந்து வந்து முகம் கழுவினாள். படித்துக்கொண்டிருந்த என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்தக் கீறேன், கீற எல்லாம் எப்படிட்டி? எனக்குச் சொல்லிக் கொடு" என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏழு வருடம் என்னைச் செருப்போடு சேர்த்து வெளியே நிறுத்திவைத்த பேச்சு அது. "எதுக்கு? ஒட்டிக்கிட்டா போகாதுன்னு நீதானே சொன்ன?" என்றேன்.

"சொன்னேன்தான். தெரியாம சொன்னேன். இப்பச் சொல்லிக் கொடு."

அம்மா எதையும் தப்பென்று ஒப்புக்கொள்கிறவள் இல்லை. அதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவள் ஊரில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். எதையும் எழுதிப் படித்துத்தான் பழக்கம். என் ரஃப் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, நான் சொல்லச் சொல்ல வரிசையாக எழுதினாள். நான் கீறேன், நீ கீற, அவன் கீறான், அவ கீறா, அது கீது, நாம கீறோம். பள்ளியில் இலக்கணம் படிப்பது மாதிரி உரக்கப் படித்தாள். அடுத்த நாள் 'வந்துகினு, போய்க்கினு.' அதை எழுதும்போது நிமிர்ந்தாள்.

"இது வந்துகொண்டு, போய்க்கொண்டுதானே? நாம வந்துக்கிட்டு, போய்க்கிட்டுங்கோம். ரெண்டும் ஒண்ணுதான?"

ஆமாம் என்றேன். நானே அதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவளுக்கு இது பெரிய பிடிமானமாகிவிட்டது. கம்பெனியில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்பாள். 'அப்பால வரேன்' என்பதில் இருக்கும் அப்பால் தன் பள்ளிச் செய்யுளில் இருந்தது என்று கண்டுபிடித்தாள். கயனி என்பது கழனி என்று தெரிந்தபோது, "புஸ்தகத்துலதான் கழனின்னு படிச்சேன். நம்ம ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, வயல்னுதான் சொல்லுவோம். இந்த மனுசி தெனமும் சொல்லிட்டு இருந்திருக்கா!" என்று வியந்தாள். நாஷ்டாவும் பேஜாரும் உருதுக்காரர்கள் தந்தவை, நைனா தெலுங்கிலிருந்து வந்தது என்று ரயிலில் யாரோ சொன்னதையும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருநாள் என்னை வாழைப்பழம் என்று வேகமாகச் சொல்லச் சொன்னாள். அப்பாவையும் சொல்லச் சொன்னாள். அப்பா "வாளப்பளம்" என்றார்.

"கேட்டியா? அவங்க வாயப்பயம்ங்காங்க, நாம வாளப்பளம்ங்கோம். அவங்ககிட்ட ய, நம்மகிட்ட ள. ரெண்டு பேர்ட்டயும் ழ இல்ல. இதுல யாரு யாரக் கேலி பண்ணுதது?"

அப்பா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

மூன்று மாதத்தில் அம்மா நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டாள். ஆனால் வீட்டில் என்னோடு மட்டும்தான். கம்பெனியில் வாய் திறக்கக் கூச்சம். தப்பாகச் சொல்லிவிட்டால் புதிய பெயர் வைத்துவிடுவார்களே என்ற பயம். அந்தப் பயத்தை உடைத்தது ஒரு மரக்கட்டை.

அந்தக் கம்பெனியில் கழிவறைக்குப் போக டோக்கன் வேண்டும். ஒரு லைனுக்கு ஒரு மரக்கட்டை. அது சூப்பர்வைசர் மேசையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். வெளியே போனவள் திரும்பி வந்து கட்டையை வைக்கும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் சென்னீர்குப்பத்திலிருந்து வரும் ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டு முறை எழுந்து எழுந்து பார்த்துவிட்டு, கட்டை வராமல், மூன்றாம் முறை தாங்க முடியாமல் மெஷினில் உட்கார்ந்தபடியே அழுதாள். புடவை நனைந்திருந்தது. அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று முடிவானது. யார் பேசுவது?

"சொல்லுதேக்கா பேசட்டும். அதுதான் புஸ்தகம் மாதிரி பேசும்" என்றார்கள்.

அம்மா, கீரைக்காரம்மாள், இன்னும் இருவர் என்று நான்கு பேர் உள்ளே போனார்கள். நடந்ததை அன்று மாலை கீரைக்காரம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்து நடித்துக் காட்டினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேவையான இடத்தில் திருத்தினாள்.

மேனேஜர் பேண்ட் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் இருப்பாராம். பாதி ஆங்கிலம், பாதி ரேடியோத் தமிழ். அம்மா முதலில் அவர் பேச்சுக்கு ஏற்ற மாதிரியே, "ஐயா, நாற்பது பேருக்கு ஒரு டோக்கன் போதவில்லை. பெண்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்" என்று தொடங்கியிருக்கிறாள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாராம். பிறகு நாற்காலியில் சாய்ந்து, மற்ற மூவரையும் காட்டி, "நீங்க டீசண்டா பேசுறீங்கம்மா. நீங்க வேற, இவங்க வேற. இவங்களுக்கு டோக்கன் இல்லேன்னா உள்ள போய் அரட்டை அடிப்பாங்க. நீங்களே அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றாராம்.

"அப்ப உங்கம்மா மூஞ்சியப் பாக்கணுமே!" என்றாள் கீரைக்காரம்மாள்.

அம்மா ஒரு அடி முன்னால் வந்து மேசைமேல் கையை ஊன்றினாளாம்.

"இன்னா சார் வேற? நானும் இவங்கதான். நாப்பது பேரு கீறோம், ஒரு கட்ட கீது. ஒரு பொண்ணு வவுத்துல புள்ளைய வச்சிக்கினு மெஷின்லயே அயுதுகினு கீறா. உங்க ஊட்டாண்ட இந்த மாதிரி கட்ட வச்சிக்கினாத்தான் போவீங்களா? சொல்லு சார், கேட்டுக்கறோம்!"

வாசலில் நின்றிருந்த சூப்பர்வைசர் அசையவில்லை. மேனேஜர் எழுந்து நின்றாராம். ஏதோ ஆங்கிலத்தில் தொடங்கினார், வரவில்லை. பிறகு, "அட, சித்த பொறுங்க்கா. ஏனுங் இப்படிச் சத்தம் போடறீங்? பண்ணிப்போடலாமுங்" என்றாராம்.

"அந்தாளு நம்ம எதிர்வீட்டுப் பேச்சு!" என்று அம்மா கைகொட்டிச் சிரித்தாள். "ஈரோட்டுக்காரரு! இத்தன நாளும் ஒளிச்சு வச்சிருந்திருக்காரு பாரு."

மறுநாள் லைனுக்கு மூன்று டோக்கன் வந்தது. ஒரு மாதத்தில் டோக்கனே இல்லாமல் போனது. கர்ப்பிணிப் பெண் பிரசவம்வரை வேலை செய்துவிட்டு, குழந்தையைக் காட்ட ஒருநாள் கம்பெனி வாசலுக்கு வந்தாள். சொல்லுதேக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் அதன் பிறகு யார் அப்படிக் கூப்பிட்டாலும், "இன்னாமே?" என்று அம்மா திரும்பிப் பார்ப்பாள்.

இரண்டு வருடம் கழித்துச் சித்தி மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனோம். அங்கே என் வயதுப் பையன்கள் எல்லோரும் ஒருவரையொருவர் "மாமே" என்றும் "மச்சி" என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சினிமா கற்றுக்கொடுத்தது. மச்சி என்றால் மாடி என்றிருந்த ஊர் அது. பந்தியில் அம்மா சாம்பார் வாளியோடு வந்தாள். தயங்கி நின்ற ஓர் உறவுக்காரரைப் பார்த்து, "இன்னாபா நின்னுகினு கீற? குந்து, குந்து" என்றாள்.

பந்தி முழுக்கச் சிரித்தது. 'மாமே' பையன்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. பெரியம்மா இலை போட்டுக்கொண்டிருந்தவள், "என்னட்டி, மெட்ராஸ்காரி மாதிரி பேசுத?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கேலியோடு கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அம்மா வாளியைக் கீழே வைக்கவில்லை. கூச்சப்படவும் இல்லை.

"மாதிரி என்னக்கா? மெட்ராஸ்காரிதான். அங்க போயி பதினோரு வருசமாச்சு."

"அப்ப நம்ம பேச்சு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இங்கனதான் இருக்கு. ஒனக்கு எது வேணும்னு சொல்லு, அதுல பேசுதேன்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். பெரியம்மா சிரித்துவிட்டாள். எனக்குக் கூச்சம் விட்டது. அதுவரை வாசல்படியில் பேச்சை மாற்றிக்கொள்வதை என் வித்தை என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு வாசல்படியே தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் இரண்டையும் பேசினாள், இரண்டும் அவளுடையதாக இருந்தது. அன்றிலிருந்து நானும் எங்கே எது வாயில் வருகிறதோ அதைப் பேசத் தொடங்கினேன். கல்லூரியில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா லைன் சூப்பர்வைசர் ஆனாள். அப்போது கம்பெனிக்கு ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து தெலுங்குப் பெண்கள் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பாக்கித் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். புதிதாக வந்த ஒருத்தி அம்மாவிடம், "அக்கா, நீங்க பொறந்ததே அம்பத்தூரா?" என்று கேட்டாளாம். அதை அம்மா ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெலுங்குப் பெண்கள் மூன்று பேரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாள். அவர்களோடு அரைகுறைத் தெலுங்கில் பேசினாள். வாக்கியத்துக்கு ஒரு தப்பு. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு சரியாகச் சொல்லிக் காட்டினார்கள். அம்மா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த தப்புக்குப் போனாள். அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல இது எதுக்குளா?" என்றார்.

"இதுங்க எங்கிட்ட சண்ட போடணும்னா எதுல போடும்? இதுங்க பாஷையிலதான? என்ன திட்டுதுன்னு எனக்குப் புரியாண்டாமா?"

பிறகு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி, ரசத்துக்குத் தெலுங்கில் என்ன பெயர் என்று கேட்டாள்.